இன்கா பாதையா, சோக்கேகிராவா, அவுசங்காத்தேயா? அடுத்த மே மாதம் பெரு போகிறோம், நடந்தவர்கள் சொல்லுங்கள்

பொதிகைச்சாரல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இன்றைக்குத்தான் கேள்வியோடு வருகிறேன். அடுத்த மே கடைசியில் நானும் கணவரும் கல்லூரி முடிக்கப்போகும் மகளும் பெரு நாட்டுக்குப் போகிறோம். மொத்தம் 16 நாள். அதில் மலைநடைக்கு ஐந்தாறு நாள் ஒதுக்கலாம்.

எனக்கு 48, அவருக்கு 53. அகத்தியர் மலை ஏறியிருக்கிறோம், சந்தக்ஃபூ (3,636 மீட்டர்) போய் வந்திருக்கிறோம். அதற்கு மேல் உயரம் பார்த்ததில்லை. ஏற்றம் எனக்குப் பிரச்சினை இல்லை. நீண்ட இறக்கத்தில் இடது முழங்கால் வலிக்க ஆரம்பித்துவிடும்.

ஆசை இரண்டு. பழைய இன்கா ஊர் ஒன்றுக்கு நடந்தே போய்ச் சேர வேண்டும். பனிமலை ஒன்றைப் பக்கத்தில் பார்க்க வேண்டும். கூட்டம் குறைவாக இருந்தால் நல்லது. இன்கா பாதை, சல்கன்டாய், சோக்கேகிராவ், அவுசங்காத்தே என்று நாலு பெயர் எழுதிவைத்திருக்கிறேன். பேசிய முகவர்கள் எல்லோரும் தங்கள் வழியை "நடுத்தரக் கடினம்" என்றுதான் சொல்கிறார்கள். அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியவில்லை.

ஏழாம்_மலை எழுதியது:

சகோதரி, இன்கா பாதையை நான் 2019 ஆகஸ்டில் நடந்தேன். கூட்டம் என்று பயந்து அதைத் தள்ளிவிடாதீர்கள். மற்ற வழிகளில் ஓர் ஊரைப் பார்க்க நடப்போம். இங்கே கால் வைக்கிற கல்லே இன்காக்கள் பாவியது.

கிலோமீட்டர் 82 என்ற இடத்தில் தொடங்கி மச்சு பிச்சு வரை ஏறத்தாழ 43 கிலோமீட்டர், நாலு நாள். இரண்டாம் நாள் வார்மிவானுஸ்கா கணவாய், 4,215 மீட்டர். அதுதான் உச்சம். ஆனால் பாதையின் உயிர் மூன்றாம் நாளில் இருக்கிறது. காலையில் ருங்குராக்காய் என்ற வட்டக் கட்டடம், அப்புறம் குறுகலான படி ஏறி சயக்மார்க்கா, மதியத்துக்கு மேல் ஃபுயுபட்டமார்க்கா, சாயங்காலம் வினாய் வாய்னா. ஒரே நாளில் நாலு ஊர். ஃபுயுபட்டமார்க்காவில் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கல்தொட்டிகள் இருக்கும். மேலிருந்து வரும் தண்ணீர் ஒவ்வொன்றாக நிறைந்து அடுத்ததில் விழுகிறது. ஐந்நூறு வருடத்துக்கு முன் வெட்டிய வாய்க்கால் இன்றும் ஓடுகிறது. கையை நனைத்துக்கொண்டு அங்கேயே ரொம்ப நேரம் நின்றேன்.

அனுமதி நாளைக்கு 500 பேருக்கு. அதில் சுமை தூக்குபவர், சமையல்காரர், வழிகாட்டி எல்லோரும் அடக்கம், ஆகவே நம்மைப் போன்றவர்கள் 200 பேர் அளவுதான். உரிமம் உள்ள நிறுவனத்தோடு மட்டுமே போக முடியும். பிப்ரவரி முழுக்கப் பாதையை மூடிவிடுவார்கள். மே மாதத்துக்கு இப்போதே பதிவு செய்தாக வேண்டும். அனுமதி பாஸ்போர்ட் எண்ணோடு சேர்ந்து வரும், இன்னொருவர் பெயருக்கு மாற்ற முடியாது. நடுவில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் பழையதையும் கையோடு கொண்டு போங்கள்.

முழங்கால் விஷயத்தில் மட்டும் எச்சரிக்கிறேன். ஃபுயுபட்டமார்க்காவிலிருந்து வினாய் வாய்னாவுக்கு ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் இறக்கம், எல்லாம் கற்படி. ஊன்றுகோல் இரண்டும் வேண்டும், முனையில் ரப்பர் மூடி கட்டாயம். இரும்பு முனை கல்லைக் கீறும் என்பதால் விட மாட்டார்கள்.

கல்லும்_கதையும் எழுதியது:

நான் சோக்கேகிராவுக்குத்தான் வாக்களிப்பேன். காரணத்தை முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

மச்சு பிச்சுவுக்கு இப்போது நாளைக்கு நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வருகிறார்கள். நேரம் குறித்த சீட்டு, குறித்த வழித்தடம், திரும்பி நடக்கக் கூடாது. நாலு நாள் மலையில் நடந்துவிட்டு, கடைசியில் ரயிலிலும் பஸ்ஸிலும் வந்திறங்கிய கூட்டத்தோடு வரிசையில் நிற்க வேண்டும். சோக்கேகிராவுக்கு இன்னும் மோட்டார் சாலை கிடையாது. ரோப் கார் போடப்போகிறோம் என்று வருடக்கணக்காகப் பேசுகிறார்கள், இன்னும் போடவில்லை. அதனால் அங்கே இருப்பவர் எல்லோரும் தங்கள் காலால் வந்தவர்கள்.

இடமும் சின்னது இல்லை. மலையின் தோளில் பெரிய முற்றம், அதைச் சுற்றி வீடுகள், வாய்க்கால், மலைச்சரிவு முழுக்கப் படிவயல். ஒரு குன்றின் தலையையே சமமாக வெட்டிச் சடங்குமேடை ஆக்கியிருக்கிறார்கள். பெரும்பகுதி இன்னும் காட்டுக்குள்தான் கிடக்கிறது. அமெரிக்க ஆய்வாளர் ஹைரம் பிங்கம் மச்சு பிச்சுவுக்கு வந்தது 1911-ல். அதற்கு இரண்டு வருடம் முன்னால், 1909-ல், அவர் வந்து பார்த்த இன்கா ஊர் இது. இங்கே வந்த பிறகுதான் அவருக்கு இந்த மலைகளில் தேட வேண்டும் என்ற ஆசையே பிடித்தது.

வரலாறு பிடிக்கும் என்றால் ஒரு விஷயம். 1536-ல் ஸ்பானியர்களை எதிர்த்து எழுந்த மான்கோ இன்கா பின்னர் இன்கா தலைநகரான குஸ்கோவை விட்டு வில்கபம்பா மலைகளுக்குள் போனார். அங்கே இன்கா அரசு மேலும் முப்பத்தைந்து வருடம் தாக்குப்பிடித்தது. 1572-ல் கடைசி இன்கா துபாக் அமாருவைப் பிடித்துக் குஸ்கோ சதுக்கத்தில் தலையை வெட்டினார்கள். சோக்கேகிராவ் நிற்பது அந்த வில்கபம்பா மலைத்தொடரில். நடக்கும்போது ஏன் இவ்வளவு காலம் இவர்களைப் பிடிக்க முடியவில்லை என்பது காலுக்கே புரியும்.

பனிக்கோடு எழுதியது:

மேலே இருவரும் சொன்னது சரி. ஆனால் கேட்டவருக்கு முதலில் தேவைப்படுவது வேறு ஒன்று என்று நினைக்கிறேன். "எது கடினம்" என்று நாலு வழிகளையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஒவ்வொன்றும் உடம்பில் வேறு வேறு இடத்தைப் பிடிக்கும்.

அவுசங்காத்தே மூச்சைப் பிடிக்கும். சிகரம் 6,300 மீட்டருக்கு மேல். அதைச் சுற்றி 70 கிலோமீட்டர் அளவு, ஐந்தாறு நாள். தொடங்கும் டிங்கி கிராமமே 3,800 மீட்டர். அதற்குப் பிறகு கீழே இறங்குகிற பேச்சே இல்லை, கூடாரம் போடும் இடங்கள் எல்லாம் 4,300-க்கு மேல், 5,000-க்கு மேலே இரண்டு கணவாய். 5,000 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் பாதிக்குச் சற்றுத்தான் அதிகம். பாதை தேய்ந்த புல்வெளி, முழங்காலுக்கு அவ்வளவு தொந்தரவு இல்லை. இடிபாடு என்று சொல்ல ஒன்றும் இல்லை. அல்பாக்கா மேய்க்கும் குடும்பங்கள், நீலமும் பச்சையுமாக ஏரிகள், பச்சாந்தாவில் வெந்நீர் ஊற்று. ஜூன், ஜூலையில் இரவு பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரி வரை போகும். என் தண்ணீர் பாட்டில் தலைமாட்டிலேயே கல்லாகிவிட்டது.

சோக்கேகிராவ் வெயிலாலும் சரிவாலும் வாட்டும். உயரம் அங்கே பெரிய விஷயமே இல்லை, இடிபாடே 3,000 மீட்டரைச் சற்றுத் தாண்டித்தான் இருக்கிறது. ஆனால் நடை தொடங்கும் கபுலியோக் விளிம்பிலிருந்து அபுரிமாக் ஆற்றுக்கு ஏறத்தாழ 1,400 மீட்டர் கீழே. ஆற்றிலிருந்து, இடிபாட்டுக்குப் பக்கத்துக் கிராமமான மராம்பட்டாவுக்கு அதே 1,400 மேலே. திரும்பி வரும்போது இதே கணக்கு தலைகீழாக. ஆற்றங்கரை 1,500 மீட்டர்தான், மதியம் அனல் அடிக்கும்.

இன்கா பாதை படியால் சோதிக்கும். சல்கன்டாய் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம்.

சகோதரி, உங்களுக்கு 4,000-க்கு மேல் அனுபவம் இல்லை, முழங்கால் இறக்கத்தில் வலிக்கிறது. அவுசங்காத்தேயை இந்த முறை விட்டுவிடுங்கள் என்று, அதை மிகவும் நேசிக்கிற நானே சொல்கிறேன். அங்கே யாருக்காவது உயரநோய் வந்தால் வேகமாக இறக்கிக் காப்பாற்றத் தாழ்வான இடமே பக்கத்தில் கிடையாது. எங்கள் குழுவில் 26 வயதுப் பையனுக்கு இரண்டாம் இரவு நடை தள்ளாட ஆரம்பித்தது. இருட்டில் குதிரையில் ஏற்றி டிங்கிக்குக் கொண்டுவர ஏழு மணி நேரம் ஆனது. பிழைத்தான். அந்த ஏழு மணி நேரத்தை நான் மறக்கவில்லை.

ஸ்டெத்_மதுரை எழுதியது:

பனிக்கோடு சொன்ன தள்ளாட்டம் மூளையில் நீர் கோத்ததற்கான அடையாளம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, இருமலில் நுரை வருவது நுரையீரலில் நீர் சேர்ந்ததற்கான அடையாளம். இரண்டுக்கும் மருந்தைவிட முக்கியம் உடனே கீழே இறக்குவது. காலையில் பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது.

சாதாரணத் தலைவலி, குமட்டலுக்கு அவ்வளவு பயம் வேண்டாம். குஸ்கோ 3,400 மீட்டர். மச்சு பிச்சு 2,430, அதாவது நம் தொட்டபெட்டாவை (2,637) விடத் தாழ்வு. அதனால் விமானம் இறங்கியதும் குஸ்கோவில் தங்காமல் நேராகத் தாழ்வான பள்ளத்தாக்கில் ஒல்லான்டாய்டம்போ பக்கம் போய் இரண்டு இரவு தூங்கிவிட்டு, பிறகு குஸ்கோவுக்கு ஏறுவது நல்லது. அசெட்டசோலமைட் மாத்திரை பற்றி உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள். சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் அதை முதலில் சொல்லிவிடுங்கள். கோக்கா இலைத் தேநீர் அங்கே எல்லா விடுதியிலும் கிடைக்கும், குடிக்கலாம். ஊருக்கு ஒரு இலைகூடக் கொண்டுவராதீர்கள், நம் நாட்டில் அது தடை செய்யப்பட்ட பொருள்.

இன்னொன்று, பலர் கோட்டைவிடுவது: மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. பெருவிலிருந்து இந்தியா திரும்பும்போது அந்தச் சான்றிதழ் இல்லையென்றால் விமான நிலையத்திலேயே பிடித்து ஆறு நாள் வரை தனிமையில் வைக்கலாம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள்.

வழிப்போக்கன்_டொரன்டோ எழுதியது:

அக்கா, சல்கன்டாய் பற்றி ஒருவரும் விரிவாகக் கதைக்கவில்லை, அதனால் நான் சொல்கிறேன். நானும் தம்பியும் போன வருடம் நடந்தோம். ஐந்து நாள், அனுமதிச் சீட்டு தேவையில்லை. முதல் நாள் பின்னேரம் ஹுமான்டாய் ஏரி, 4,200 மீட்டர். பனி ஏரிக்கு மேலே அப்படியே தொங்கிக்கொண்டு நிற்கும். இரண்டாம் நாள் 4,600 மீட்டர் தாண்டிய கணவாய், பக்கத்தில் 6,271 மீட்டர் சல்கன்டாய். சரியான குளிர். அன்று பின்னேரமே இறங்கி இறங்கிக் காட்டுக்குள் வந்துவிடுவோம், மூன்றாம் நாள் கோப்பித் தோட்டத்துக்குள் நடை. ஒரே நாளில் பனியும் வாழைமரமும் பார்த்தது அங்கேதான்.

இடிபாடு என்று பார்த்தால் கடைசியில் லக்டபட்டா ஒன்றுதான். அங்கிருந்து எதிர் மலையில் மச்சு பிச்சு தெரியும். பனிமலை முதல் ஆசை என்றால் இது. பழைய ஊர்தான் முதல் என்றால் இது இல்லை. ஆட்களும் நிறைய.

பொதிகைச்சாரல் எழுதியது:

இவ்வளவு நேரம் ஒதுக்கி எழுதிய எல்லோருக்கும் நன்றி. மூன்று பேரும் உட்கார்ந்து வாசித்தோம். அவுசங்காத்தே வேண்டாம் என்பதில் ஒரே மனசு. மகளுக்கு இன்கா பாதை, எனக்கு சோக்கேகிராவ். அவர் சாப்பாடு என்ன என்று கேட்கிறார், நாங்கள் சைவம்.

முழங்காலோடு 1,400 மீட்டர் இறக்கம் என்பதுதான் உறுத்துகிறது. இதற்கு ஏதாவது வழி உண்டா? இன்கா பாதையில் சுமை தூக்குபவர்களைப் பற்றி வாசித்ததும் மனசுக்குச் சங்கடமாக இருக்கிறது.

கல்லும்_கதையும் எழுதியது:

வழி உண்டு. வழக்கமாக விற்பது நாலு நாள் பயணம். ஐந்து நாளாக்குங்கள். முதல் நாள் ஆறு வரை இறங்க வேண்டாம், வழியில் உள்ள சிக்கிஸ்காவிலேயே தங்கிவிடுங்கள். ஆயிரம் மீட்டர் இறக்கம் அன்று, மீதி 400 மறுநாள் விடியற்காலை. மராம்பட்டாவில் இரண்டு இரவு. திரும்பும்போதும் அதே மாதிரி உடைத்துக்கொள்ளுங்கள். சுமையைக் கோவேறு கழுதையில் ஏற்றிவிட்டால் உங்கள் முதுகில் தண்ணீரும் மழைச்சட்டையும் மட்டும்தான். முழங்காலுக்கு அது பாதி நிம்மதி. ஏறும்போது சவாரிக்கும் கழுதை கிடைக்கும். இறங்கும்போது மட்டும் அதில் உட்காராதீர்கள், விளிம்பிலேயே நடக்கும்.

இப்போதிலிருந்து வாரம் மூன்று நாள் படி இறங்கிப் பழகுங்கள். எல்லோரும் ஏறித்தான் பழகுகிறார்கள். கால் அடிவாங்குவது இறங்குவதில்தான்.

ஏழாம்_மலை எழுதியது:

சுமை தூக்குபவர்கள் பற்றிய சங்கடம் நியாயமானது. சட்டப்படி ஒருவருக்கு 20 கிலோதான், கிலோமீட்டர் 82 சாவடியில் எடை போடுவார்கள். நான் போன நிறுவனம் சாவடி தாண்டியதும் இரண்டு பேர் சுமையை ஒருவர் முதுகில் மாற்றியது. ராத்திரி அவர்கள் சாப்பாட்டுக் கூடாரத்தின் ஈரத்தரையிலேயே படுத்தார்கள். நான் அப்போது வாயைத் திறக்கவில்லை, இன்றும் அது உறுத்துகிறது. அதனால் சொல்கிறேன்: பணம் கட்டும் முன்பே, அவர்களுக்குத் தனிக் கூடாரமும் பாயும் உண்டா, கூலி எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குகிற நிறுவனம் வேண்டாம்.

சைவம் கஷ்டமே இல்லை. கீன்வா சூப், விதவிதமான உருளைக்கிழங்கு, பெரிய பல் மக்காச்சோளம். 4,000 மீட்டருக்கு மேல் தண்ணீர் 86 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் குக்கர் இல்லாமல் சோறு அரைவேக்காடுதான். சோக்கேகிராவில் அந்தப் பிரச்சினை குறைவு. பருப்புப் பொடி கொஞ்சம் இருந்தால் உலகமே நம் பக்கம்.

வழிப்போக்கன்_டொரன்டோ எழுதியது:

அக்கா சோக்கேகிராவ் போனால் பனிமலை ஆசைக்கு ஹுமான்டாய் ஏரிக்குக் குஸ்கோவிலிருந்து ஒரு நாளில் போய் வரலாம். விடியுமுன் வெளிக்கிட வேண்டும். மகளுக்காகக் கிலோமீட்டர் 104-ல் இறங்குகிற இரண்டு நாள் இன்கா பாதையும் இருக்கிறது, வினாய் வாய்னா அதிலேயே வந்துவிடும். மூன்றும் உங்கள் 16 நாளுக்குள் அடங்கும்.

பொதிகைச்சாரல் எழுதியது:

வழிப்போக்கன் தம்பி, அடங்கிவிட்டது! தாளில் எழுதிப் பார்த்தேன். பள்ளத்தாக்கில் இரண்டு இரவு, குஸ்கோ, ஹுமான்டாய், சோக்கேகிராவ் ஐந்து நாள், ஓய்வு, இரண்டு நாள் பாதை. பதிவு செய்துவிட்டேன். படி இறங்கும் பயிற்சி இன்று முதல்.

பொதிகைச்சாரல் எழுதியது (ஜூன்):

போய் வந்துவிட்டோம். உங்கள் எல்லோருக்கும் கடன்பட்டவள் என்பதால் விவரமாக எழுதுகிறேன்.

ஹுமான்டாயில் அவருக்குத் தலைவலி, ஏரிக்குச் சற்றுக் கீழேயே உட்கார்ந்துவிட்டார். நானும் மகளும் மேலே போனோம். நான் ஆசைப்பட்ட பனி அங்கே கிடைத்தது, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எங்கோ பனி உடையும் சத்தத்தோடு.

சோக்கேகிராவ் முதல் நாள் சிக்கிஸ்கா வரை இறங்கியதில் வலி வந்தது, ஆனால் பொறுக்கும்படி. ஐந்து நாளாக்கச் சொன்னதற்குக் கல்லும்கதையும் அவர்களுக்குத் தனி நன்றி. நாலு நாள் திட்டத்தில் வந்த ஒரு அம்மாவை மறுநாள் ஆற்றங்கரையில் பார்த்தோம், இரண்டு முழங்காலிலும் துணி சுற்றியிருந்தார்.

எங்கள் கழுதைக்காரருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். காலில் டயர் செருப்பு. நம் ஊர்ப் பக்கம் சின்ன வயதில் பார்த்த அதே டயர் செருப்பு, அதே வார். அதோடு அந்தச் சரிவில் எங்களுக்கு முன்னால் போய்த் தேநீர் போட்டு வைத்திருப்பார். விளிம்பிலிருந்து இறங்கும் முன் மூன்று கோக்கா இலைகளை விசிறி மாதிரி விரல்களில் பிடித்து, எதிரே இருந்த பனிச்சிகரத்தைப் பார்த்து ஊதிவிட்டு, ஒரு கல்லுக்கடியில் வைத்தார். மலையிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டுமாம்.

மராம்பட்டாவில் சில குடும்பங்கள்தான். ஒரு வீட்டு முற்றத்தில் கூடாரம். மூன்றாம் நாள் முழுக்க இடிபாட்டிலேயே இருந்தோம். எங்களோடு சேர்த்து அன்று அங்கே பதினோரு பேர். முற்றத்தைத் தாண்டி மலையின் மறுபக்கம் செங்குத்தாக இறங்கினால் லாமா (ஒட்டக இனத்துச் சுமைவிலங்கு) படிவயல்கள். கருஞ்சாம்பல் நிறப் பட்டைக் கல் சுவருக்குள் வெள்ளைக் கல்லை வைத்துக் கட்டி லாமா உருவங்கள் செய்திருக்கிறார்கள், இருபதுக்கும் மேல். 2004-ல்தான் வெளியே தெரிந்ததாம். பக்கத்தில் நின்றால் வெறும் வெள்ளைக் கற்கள்தான் தெரியும். எதிரே உள்ள பார்வை மேடைக்குப் போய்த் திரும்பினால், வரிசையாக லாமாக்கள் படிப்படியாக மலை ஏறுகின்றன. ஒரு பெரியதின் பின்னால் குட்டி ஒன்று. மகள் ஒன்றும் பேசவில்லை. இன்கா பாதைக்குத்தான் போக வேண்டும் என்று சண்டை போட்டவள், திரும்பி மேலே ஏறும்போது "அம்மா, நாளைக்கும் இங்கேயே இருக்கலாமா" என்றாள்.

இரண்டு நாள் பாதையும் அழகு, வினாய் வாய்னா கண்ணிலேயே நிற்கிறது. மச்சு பிச்சுவில் ஒன்றரை மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டோம், கூட்டம் தள்ளிக்கொண்டே வந்தது.

மலைப்பித்தன்_சேலம் எழுதியது:

அக்கா, படிக்கப் படிக்கக் கிளம்ப வேண்டும் போல இருக்கிறது. ஆற்றங்கரையில் பூச்சிக்கடி பயங்கரம் என்கிறார்களே, உண்மையா? கழுதைக்காரர் கூலியை எப்படிக் கொடுத்தீர்கள்?

பொதிகைச்சாரல் எழுதியது:

உண்மைதான் தம்பி. கண்ணுக்கே தெரியாத சின்ன ஈ. கடித்த இடத்தில் ரத்தப்புள்ளி ஒன்று தெரியும், அரிப்பு பத்து நாள். அங்கே அதற்குப் 'பூமா வகாச்சி' என்று பெயர், பூமாவையே அழவைப்பது என்று அர்த்தமாம். என் கணுக்காலில் மட்டும் முப்பதுக்கு மேல் எண்ணினேன், அரைக்கால் பேன்ட் போட்ட தப்பு. முழுக்கால், முழுக்கை, காலுறைக்குள் பேன்ட்டைச் செருகிக்கொள்ளுங்கள். காலை ஐந்து மணிக்கே கிளம்பினால் வெயிலும் ஈயும் வருவதற்குள் பாலத்தைத் தாண்டிவிடலாம்.

கூலியை முகவரிடம் கொடுக்காமல் கடைசி நாள் கபுலியோக்கில் அவர் கையிலேயே கொடுத்தோம். கழுதைகளோடு அவர் ஊர் திரும்ப அரை நாள் ஆகும், அதற்கும் சேர்த்துக் கேட்பார். கொடுத்துவிடுங்கள்.